மாம்பழம் பேனா ஆகுமா பாஸ்?

'எல்லா மாம்பழங்களும் பேனாக்கள். சில பேனாக்கள் நாற்காலிகள். எனவே, சில மாம்பழங்கள் நாற்காலிகள்.' சரியா, தப்பா?

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு ரீசனிங்கில் தினமும் இந்தக் கூத்துதான். சிரிச்சு முடிச்சுட்டு, கடையில விக்கிற மாம்பழத்தை மறந்துடுங்க. கேள்வியில் கொடுத்த வரிகள் மட்டும்தான் உண்மை. உங்க பொது அறிவுக்கு இங்கே வேலையே இல்லை!

ரஃப் பேப்பரில் பேனாவுக்குப் பெரிய வட்டம். அதுக்குள்ளே மாம்பழத்துக்குக் குட்டி வட்டம். இப்போ நாற்காலி வட்டத்தை, மாம்பழத்தைத் தொடாமல் பேனாவை மட்டும் வெட்டுற மாதிரி போட முடியுதா? முடியுதே! அப்போ அந்த முடிவு அவுட். தேர்வுக்குப் படிக்கிறவங்க வென் படம்னு சொல்றது இதைத்தான். முடிவை நிரூபிக்கப் பார்க்காதீங்க, உடைக்கப் பாருங்க. எப்படி வரைஞ்சாலும் உடையலைன்னா மட்டும்தான் அது சரி.

இன்னொரு கண்ணி, 'சில'. 'சில பேர் வந்தாங்க'ன்னு சொன்னா, மத்தவங்க வரலைன்னு நாம எடுத்துக்குவோம். தேர்வில் 'சில'ன்னா 'குறைந்தது ஒன்று'. எல்லாமாகவும் இருக்கலாம்!

ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் 35 கேள்விகள், 20 நிமிஷம். கேள்விக்கு 34 விநாடிதான். தப்பு விடைக்குக் கால்பங்கு மார்க் காலி. அதனால், 'பார்த்தா சரின்னுதான் தோணுது' என்று மனசு சொன்னா, உடனே கையில் பென்சிலை எடுங்க. தோணுறது வேற, வட்டம் சொல்றது வேற!