பாய்லர் ஒழுகுகிறதா?

மார்கழி மாதம். பொழுது இன்னும் விடியவில்லை. கொல்லைப்புறத்துச் செம்பு பாய்லரில் நெருப்புப் போட்டாயிற்று. ஆனால் தணல் பிடிக்கவில்லை. "சொய்ங்" என்று ஒரு சத்தம்! குனிந்து பார்த்தால், சாம்பலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்!

பாய்லர் ஏன் ஒழுகுகிறது? அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் அதற்குத் தண்ணீரும் ஒரு காரணம்.

கடல் விட்ட சொத்து

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த வட்டாரம் கடலாக இருந்தது. சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் அங்கே கல்லாகக் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் அரியலூரில் சிமெண்டு ஆலைகள் நடக்கின்றன.

அதே சுண்ணாம்பு கிணற்று நீரிலும் கரைந்து வருகிறது. தண்ணீரைச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறும். சுண்ணாம்பு வெள்ளைக் காரையாகப் படியும். பாய்லரின் நடுக்குழாய்க்கு அது போர்வை போல ஆகிவிடும். நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. தகடுதான் காயும், கரியும் வீண்!

உருகுவது எது?

செம்பு உருக 1,085 டிகிரி வெப்பம் வேண்டும். ஆனால் இணைப்பில் வைத்த ஈயப்பற்று, 200 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை கவலை இல்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து, சூட்டை வாங்கிக்கொள்ளும். தண்ணீர் தீர்ந்த பிறகும் தணல் இருந்தால்? பற்று விட்டுப் போகும்!

ஆகவே, முதலில் தண்ணீர், பிறகுதான் நெருப்பு.

என்ன செய்யலாம்?

குழாயின் வாயில் சொட்டினால், வாஷரை மாற்றினால் போதும். குழாயின் அடியில் கசிந்தால், கழற்றி, மரையில் சணல் சுற்றி முடுக்க வேண்டும்.

சாம்பலில் சொட்டினால், உடனே தணலை வாரி வெளியே போடுங்கள். பாய்லர் தானாக ஆறட்டும். காய்ந்த பாய்லரில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆறியதும் பற்றவைப்பவரிடம் கொண்டு போங்கள்.

காரையைப் போக்கப் புளிக்கரைசலை ஊற்றி ஊறவைத்துக் கழுவலாம். காரை போனதும் புது ஓட்டை தெரிந்தால் திகைக்க வேண்டாம். அது பழைய ஓட்டைதான். காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது!

ஈயப்பற்று வைத்த பாய்லரின் தண்ணீர் குளிக்க மட்டுமே. குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

மின்சார பாய்லரா?

முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு தண்ணீர் வரும் குழாயை மூடுங்கள். ஈரக்கையோடு தொடாதீர்கள். காப்பு வால்வு வழியாகச் சூடேறும்போது சில சொட்டுகள் விழுவது பழுது அல்ல. சூட்டில் தண்ணீர் விரிவதால் வருவது அது. ஆனால் ஓயாமல் ஒழுகினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள் தொட்டியே ஓட்டையாகிவிட்டால் மாற்றுவதுதான் வழி.

அடைக்காதீர்கள்!

சிலர் சொட்டு நின்றால் போதும் என்று, அந்த வால்வையே அடைத்துவிடுகிறார்கள். கரி பாய்லரின் ஆவித் துளையைத் துணியால் அடைப்பவர்களும் உண்டு. இது விபரீதம்! தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். வழி இல்லாவிட்டால் பாய்லரே வெடிக்கும்.

ஒழுகும் பாய்லரால் ஒரு நாள் குளியல் கெடும். அடைத்த பாய்லரால் குடும்பமே கெடும்.

சொட்டுவதைத் திருத்துங்கள். ஆவிக்கு மட்டும் வழி விடுங்கள்!