ஒலிபெருக்கியின் விளிம்பு: நுரையும் இறப்பரும்

1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை இன்று ஒலிப்பதிவுகளிலேயே கேட்டல் கூடும். அத்தவிலின் தொப்பி நாதம் செவ்வனே எழ வேண்டின், ஒலிபெருக்கிக் கூம்பு தடையின்றி முன்னும் பின்னும் அசைதல் வேண்டும். அவ்வசைவுக்கு இடந்தருவது கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் விளிம்பு வளையமாகும்.

1970களிற் பல ஒலிபெருக்கிகள் பொலியூரெதேன் நுரை வளையம் பூண்டன. நுரை திணிவு குறைந்தது. சிறு மின்வலுவுக்கும் கூம்பு இசைந்தாடும். ஆயினும் காற்றின் ஈரம் அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகளை நீர்ப்பகுப்பால் அறுக்கின்றது. சோளகமும் வாடையும் மாறி மாறிக் கடலீரத்தைக் கொணரும் குடாநாட்டில் அவ்வழிவுக்கு ஓய்வேது? ஒலிபெருக்கியை இயக்காது மூடி வைத்தாலும், ஆண்டுகள் செல்ல, நுரை விரல் பட்டதும் பொடியாகும்.

பியூற்றைல் இறப்பர் ஈரத்தை நெடுங்காலம் தாங்கும். அதன் திணிவால் உணர்திறன் சிறிது குறையினும், புதிதாய் வாங்குவோர்க்கு இறப்பரே தக்கது.

பழையதைப் புதுக்குவோர் நிலை வேறு. நுரைக்கென அமைந்த கூம்பிற் கனத்த இறப்பரை ஒட்டின் பரிவு மீடிறன் மாறும். பெட்டியின் கணிப்பும் பிழைக்கும். முந்திய அளவும் மென்மையும் உடைய நுரையே அங்குப் பொருந்தும். பழைய பசையை முற்றாக நீக்கி, குரற்சுருள் காந்த இடைவெளியின் நடுவில் நிற்குமாறு ஒட்டுதல் வேண்டும்.