மக்காச்சோளத்துக்கு இன்னொரு வேலை

விக்கிரமங்கலம் பக்கம் மக்காச்சோளம் அறுவடை முடிந்தால் ரோட்டில் பாதி சோளத்துக்குத்தான். கொட்டிக் காயவைத்து, மூட்டை பிடித்து, எடை போட்டு லாரியில் ஏற்றினால் பெரும்பாலும் நாமக்கல்லுக்குக் கோழித் தீவனமாகப் போகும். சில வருடங்களாக எத்தனால் ஆலைக்காரர்களும் கேட்கிறார்கள், பெட்ரோலில் கலக்க. கோழி தின்கிறது, பைக் குடிக்கிறது. இதே தானியத்தைப் புளிக்கவைத்து வடித்து, மரப் பீப்பாயில் அடைத்து வைத்து, உலகம் முழுக்க விற்கிறார்கள் அமெரிக்காக்காரர்கள். அந்த பாட்டிலை எங்கள் ஊர்ப் பையன்களே துபாய் ஏர்போர்ட்டில் வாங்கி வருகிறார்கள். களத்தில் சோளம் தள்ளிக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்.

நான் துபாயில் ஒரு ஓட்டல் பாரில் பல வருடம் நின்றவன். கிளாஸ் கழுவப் போய், பிறகு கவுண்டருக்குப் பின்னால் வந்தேன். இப்போது அப்பாவின் நிலத்தில் சோளமும் பருத்தியும். லீவில் வருகிற பையன்கள் டூட்டி ஃப்ரீ பையோடு வந்து, "அண்ணே, இதுல எது நல்ல சரக்கு?" என்று கேட்பது நிற்கவில்லை. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லவில்லை. 21 வயது ஆகாதவருக்கு இது இல்லவே இல்லை. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்கிறவன் கொஞ்சமாக, என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும். அதுதான் என் கட்சி.

விஸ்கி என்றால் தானியம். பார்லி, மக்காச்சோளம், கோதுமை, ரை என்று ஏதோ ஒரு தானியத்தைப் புளிக்கவைத்து, வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்தது. ஆனால் நம் கடைகளில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதிக்குத் தாய் கரும்பு. சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற மொலாசஸைப் புளிக்கவைத்து, ருசியோ மணமோ இல்லாத சுத்தமான ஆல்கஹாலாக வடிக்கிறார்கள். சில கம்பெனிகள் அதையே நொய்யரிசி போன்ற தானியத்திலிருந்தும் எடுக்கின்றன. பிறகு தண்ணீர், கொஞ்சம் மால்ட் விஸ்கி, நிறத்துக்குக் காரமெல். மொலாசஸில் வடித்ததை விஸ்கி என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்க முடியாது. அங்கே சட்டப்படி விஸ்கி தானியத்தில் பிறந்து 3 வருடமாவது பீப்பாயில் இருக்க வேண்டும். சாத்தமங்கலம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் போகும் வழியில் இருக்கிற எங்களுக்கு இதைக் கேட்டு வருத்தப்பட ஒன்றுமில்லை. கரும்பில் நல்ல ரம் வரும். பெயரை மாற்றி விற்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

அதைவிடப் பெரிய சிக்கல் நாம் குடிக்கும் விதம். தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து மதுவின் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் கையில். அங்கே போய் நிற்கிறவர் பல நேரம் பிராண்டு பெயர்கூடச் சொல்வதில்லை, விலையைச் சொல்லிக் குவார்ட்டர் கேட்கிறார். இரண்டு பேர் கட்டிங் போட்டு, வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கடித்து ஊற்றி, ஒரே மடக்கு, உடனே ஊறுகாய். தொண்டைக்குள் இறங்குகிற வேகத்தில் நாக்கு என்ன கண்டுபிடிக்கும்? உலகத்திலேயே உயர்ந்த விஸ்கியை இப்படிக் குடித்தாலும் எரிச்சல் ஒன்றுதான் மிஞ்சும்.

முதலில் சொன்ன அமெரிக்க மக்காச்சோள விஸ்கிக்கு, அதாவது போர்பனுக்கு வருகிறேன். இதற்கு அமெரிக்கச் சட்டம் கறாரானது. கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். நடைமுறையில் 70-ஐ ஒட்டி இருக்கும். வடிக்கும்போது 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் போகக்கூடாது, போனால் தானியத்தின் ருசி செத்துவிடும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நிறமோ வாசனையோ ஒரு சொட்டுகூடச் சேர்க்கக்கூடாது. ஸ்காட்ச்சுக்குக்கூடக் காரமெல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு, போர்பனுக்குக் கிடையாது. அந்தச் செம்பட்டை நிறம் முழுக்க மரம் கொடுத்தது. போர்பன் அமெரிக்காவுக்கே உரிய பொருள் என்று 1964-ல் அந்நாட்டு காங்கிரஸ் தீர்மானமே போட்டது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி விதி இல்லை. ஆனாலும் பெரும்பகுதி அங்கேதான் வடிகிறது.

ஏன் கென்டக்கி என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பதில் சொல்வார்கள்: மக்காச்சோளம், சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறி வரும் தண்ணீரில் இரும்பு இருக்காது. இரும்பு கலந்தால் விஸ்கி கறுத்து, ருசியும் கெடும். பாரில் நிற்கும்போது இதைக் கேட்டு எனக்குள் சிரிப்பு. சோளமும் சுண்ணாம்புக்கல்லும் எங்கள் மாவட்டத்தின் முகவரி அல்லவா? அரியலூரைச் சுற்றி எத்தனை சிமெண்ட் ஆலை, எத்தனை சுரங்கம்! டைனோசர் காலத்தில் கடல் கிடந்த நிலம் இது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அந்தக் கடலின் சிப்பிகளைக் கல்லாகப் பார்க்கலாம். அதே கல்லை அவர்கள் தண்ணீர் வடிகட்டி என்று பெருமை பேசுகிறார்கள், நாங்கள் மூட்டை கட்டி வீடு கட்ட அனுப்புகிறோம்.

இதை ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி, "அப்ப நம்மளே காய்ச்சலாமே அண்ணே" என்றான். வேண்டாம். சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நாம் பார்த்தோம்.

பீப்பாய் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ருசியில் பெரும்பங்கு அங்கேதான் உருவாகிறது. ஓக் மரத்தைக் கருக்கும்போது மரத்துக்குள் இருக்கும் சர்க்கரை பாகாகிறது. மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலா மணம் தருகிறது. அமெரிக்க ஓக் தேங்காய் மணமும் தரும். வெயிலில் சாராயம் விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும், வரும்போது இதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். புதுப் பீப்பாயின் முதல் டிகாக்‌ஷன் போர்பனுக்கு. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது என்பதால் அது கப்பலேறி ஸ்காட்லாந்துக்கும் இந்தியாவுக்கும் வருகிறது. இரண்டாம் டிகாக்‌ஷனில்தான் பெரும்பாலான ஸ்காட்ச் ஊறுகிறது. அதனால்தான் போர்பன் முகத்தில் அடித்தாற்போல் இனிக்கும், ஸ்காட்ச்சில் பார்லி முன்னால் நிற்கும்.

ஸ்காட்ச் சட்டம் 3 வருடம் கேட்கிறது. முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே ஆலை, செம்பு வாலையில் வடித்தது என்றால் சிங்கிள் மால்ட். பல ஆலைகளின் மால்ட்டும் கிரெய்ன் விஸ்கியும் கலந்தது பிளெண்டட்; ஜானி வாக்கர், சிவாஸ் எல்லாம் இதில்தான் சேர்த்தி. ஐலா என்ற தீவுக்காரர்கள் பார்லியை பீட் என்ற மக்கிய சதுப்பு மண்ணின் புகையில் உலர்த்துவார்கள். அந்தப் புகைதான் பலரை ஓடவைக்கும்.

ஓடவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் லஃப்ராய்க் என்ற ஐலா விஸ்கி கொண்டுவந்திருந்தார், என்னிடம் மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பன் இருந்தது. மோட்டார் கொட்டகையில் நாலைந்து பேர். லேபிளை மறைத்து ஆளுக்கு ஒரு வாய் அளவு ஊற்றினேன். மேக்கர்ஸ் மார்க்கை நாக்கில் வைத்ததும் சித்தப்பா, "ஏன்டா, இதுல கருப்பட்டி கலந்திருக்கானா?" என்றார். அதில் காரமான ரைக்குப் பதிலாகக் கோதுமை சேர்ப்பதால் அந்தச் சாது குணம். அடுத்ததை மூக்கருகே கொண்டுபோனவர் தள்ளி வைத்தார். "ஆஸ்பத்திரில கட்டுப் போட்ட துணி வாசன அடிக்குது. இதுக்கா இவ்ளோ காசு?" பக்கத்திலிருந்த மாமாவோ கிளாஸை விடவில்லை. கரும்புக் காட்டில் ராத்திரி சோகை எரித்த வாசனை என்றார், இன்னும் கொஞ்சம் கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் சரி. இன்னொருவர் நாக்கைக் கடன் வாங்கி விஸ்கி வாங்கினால் பாதி பாட்டில் அலமாரியில் கிடக்கும்.

லேபிளில் இருக்கும் வயது எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு நான் பெங்களூரைக் காட்டுவேன். 1948-ல் தொடங்கிய அம்ருத் ஆலை, மற்றவர்களைப் போல மொலாசஸ் சரக்கும் செய்ததுதான். அப்போதைய முதலாளி நீலகண்ட ராவ் ஜக்தாலேயின் மகன் ரக்‌ஷித் இங்கிலாந்தில் நியூகாசலில் படித்தபோது, இந்திய சிங்கிள் மால்ட் அங்கே விலைபோகுமா என்று ஆராய்ந்தார். 2004-ல் அம்ருத் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்த இடம் கிளாஸ்கோ. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றார்கள். 2010-ஆம் ஆண்டுக்கான தன் 'விஸ்கி பைபிள்' நூலில் விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே அம்ருத் ஃபியூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். நம் பார்லியும், பீட் புகை காட்டிய ஸ்காட்லாந்துப் பார்லியும் சேர்ந்தது அது.

அதில் வயது எண் இருக்காது. காரணம் வெயில். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் தேவதைகள் வருடத்துக்கு 2 சதவீதம் குடித்தால் பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம் குடிக்கிறார்கள். அந்த வேகத்தில் 12 வருடம் வைத்தால் கால் பீப்பாய்கூட நிச்சயமில்லை. மரத்தின் ருசியும் அதே வேகத்தில் இறங்கிவிடுவதால் 12 வருடம் வைக்கத் தேவையும் இல்லை. அரியலூர் மே மாதத்தில் ஒரு பீப்பாய் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தேவதைகள் கூட்டாளிகளையும் அழைத்து வருவார்கள்.

ஜாக் டேனியல்ஸ் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. சட்டப்படி போர்பன் என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் டென்னசி விஸ்கி என்றே போடுவார்கள். பீப்பாய்க்குப் போகும் முன் மேப்பிள் மரக்கரியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டுவதுதான் அவர்கள் தனி அடையாளம். 80 சதவீதம் மக்காச்சோளம். பழுத்த வாழைப்பழ வாசனை வருகிறதா பாருங்கள். ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. விடுதலைக்குப் பின் அவரே அந்த ஆலையின் முதல் தலைமை வடிப்பாளர். கம்பெனி அவர் பெயரை உரக்கச் சொல்ல நூற்றைம்பது வருடம் போலப் பிடித்தது.

ருசி பார்க்கிற முறை கஷ்டமில்லை. வாய் குறுகின சின்ன கிளாஸ், 15 மில்லி போதும். மூக்கை உள்ளே விடாமல், வாயை லேசாகத் திறந்து மெதுவாக முகருங்கள். முதல் வாய் நாக்கைப் பழக்க, கணக்கில் இல்லை. இரண்டாவதை நாக்கில் சுழலவிட்டு விழுங்குங்கள். பிறகு சில சொட்டுத் தண்ணீர். காரம் அடங்கி, மறைந்திருந்த மணம் மேலே வரும். எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் ரகம், அதனால் கேன் தண்ணீர்தான். ஐஸும் சோடாவும் தவறில்லை, ஆனால் ஒப்பிட்டு முடித்த பிறகு. சிக்கன் 65-ஐயும் அதுவரை தள்ளி வையுங்கள். அவித்த கடலையோ வறுக்காத முந்திரியோ இருந்தால் நாக்கு பிழைக்கும். எப்போதும் இரண்டை அக்கம்பக்கம் வைத்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் குடித்து எதுவும் தெரியாது.

விலை பற்றி ஒரு செய்தி. 2025 பிப்ரவரியில் போர்பனுக்கான இறக்குமதி வரி 150-லிருந்து 100 சதவீதமானது. அதே வருடம் ஜூலையில் கையெழுத்தான பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தம் ஸ்காட்ச் வரியை முதலில் 75-க்கும், பத்து வருடத்தில் 40-க்கும் இறக்கச் சொல்கிறது. இருந்தும் டாஸ்மாக் எலைட் கடை விலை எங்கள் ஊர்க் கூலிக்கு எட்டாததுதான். ஊருக்கு இவை வருவது இன்னும் பையன்களின் பெட்டியில்தான்.

அதனால் வரப்போகிறவர்களுக்கு: இரண்டு லிட்டர் வரைதான் வரியில்லாமல் விடுவார்கள். ஒரே பிராண்டில் இரண்டு வாங்காதீர்கள். ஒன்று போர்பன், இனிப்பு பிடித்தவருக்கு மேக்கர்ஸ் மார்க், காரம் பிடித்தவருக்கு 50.5 சதவீத வைல்ட் டர்க்கி 101. இன்னொன்று புகையில்லாத சிங்கிள் மால்ட். கிளென்லிவெட் போல ஒன்று. ஐலா பாட்டிலை எங்காவது ஒரு பெக் ருசி பார்த்தபிறகே வாங்குங்கள். எனக்கு ஒரே ஒன்று என்றால் ஃபியூஷன். அதற்கு ஏர்போர்ட் வரை போகவும் வேண்டாம், பெங்களூர் போகிறவர்களிடம் சொல்லி வைத்தால் வந்துவிடும். பாட்டிலை நிற்க வையுங்கள், படுக்க வைத்தால் கார்க் கெடும். பாதிக்குக் கீழே இறங்கினால் மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், காற்றுப்பட்டு மணம் போய்விடும். சித்தப்பாவைக் கூப்பிடுங்கள்.