ஒரு பிடி அரிசியில் எழுந்த உயர்நிலைப்பள்ளி

ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாறு வேண்டுமா? வாசலில் பதித்திருக்கும் கல்வெட்டைப் பார், அடிக்கல் நாட்டிய பெரிய மனிதரின் பெயரைப் படி என்பார்கள். நாம் சொல்வது வேறு. அடுப்படிக்குப் போய் அரிசிப் பானையைப் பாருங்கள் என்கிறோம்!

விஸ்வநத்தத்திலும் சிவகாசியிலும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் அச்சகத்துக்கும் அன்றாடம் செல்லும் தோழர்கள், பக்கத்து விருதுநகரில் நிற்கும் ஒரு பள்ளியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் சத்திரிய வித்தியாசாலை. ஊர் விருதுபட்டியாக இருந்த காலத்தில், 1889இல் தோன்றியது அது.

அன்று நாடார் மக்களுக்குக் கோயில் கதவு அடைத்துக் கிடந்தது. கோயிலில் நுழையும் உரிமைக்காகக் கமுதியில் வழக்கு நடந்தது. 1899இல் சிவகாசியில் கலவரமே மூண்டது. அத்தகைய காலத்தில், அடைத்த கதவின் முன் கைகட்டி நிற்காமல், விருதுபட்டி மக்கள் தம் கையாலேயே ஒரு கதவைத் திறந்தார்கள். அதுதான் பள்ளிக்கூடத்தின் கதவு. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய அந்தப் பள்ளி, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் தந்தது. இதை நாம் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறோம்.

பணம் எங்கிருந்து வந்தது? வியாபாரிகள் தம் சரக்கின் மீது தாமே ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டு, 'மகிமை' என்று பொதுநிதிக்குக் கட்டினார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். வீடு வீடாகத் திரட்டிய அந்தப் பிடி அரிசி, பள்ளியின் செலவுக்கு உதவியது. மாலையும் மேளமும் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கட்டும். முகம் தெரியாத அந்தத் தாய்மார்களின் கைதான் அடிக்கல் நாட்டிய கை!

அந்தப் பள்ளியின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்தான் காமராசர். ஆனால், அவர் படிப்பு எத்தனை வகுப்போடு நின்றது? ஆறாம் வகுப்பு வரைதான். சிறு வயதிலேயே தந்தை மறைந்தார், குடும்பம் தளர்ந்தது, பையன் மாமாவின் துணிக்கடைக்குப் போனான். பள்ளிக்கதவு திறந்தே இருந்தது, தோழர்களே! ஆனால் வறுமை பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டது. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1953இல் இராசாசி ஆட்சி, அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடே கொதித்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. கூர்ந்து பாருங்கள்: அன்று வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன பிடி அரிசி, இப்போது பள்ளியிலிருந்து பிள்ளையின் வயிற்றுக்குத் திரும்பி வந்தது! 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. 2022இல் மு.க. ஸ்டாலின் ஆட்சி தொடக்கப் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியது. ஆட்சிகள் மாறின, பிடி அரிசி மரபு அறுபடவில்லை.

ஆனால் நம் பகுதியின் கணக்கில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் கால்கொண்டது. வானம் பார்த்த பூமிக்குச் சோறு போட்டது. அதே தொழிலில்தான், சிலேட்டுப் பிடிக்க வேண்டிய பிஞ்சு விரல்கள் பல ஆண்டுகள் குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான வேலையில் பிள்ளையை அமர்த்திய முதலாளி, பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும்; அந்தத் தொகையின் வருமானம், பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை குடும்பத்துக்குச் சேர வேண்டும் என்றது. அங்கும் அதே பாடந்தான்: படிப்போடு பிழைப்பையும் சேர்த்துப் பார்!

இன்று 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது நிரம்பாதவரை வெடிமருந்தின் பக்கமே விடக்கூடாது என்பது 2016இல் திருத்திய சட்டம். உயர்நிலைப்பள்ளிப் படிப்பு முழுவதும் இந்த வயதுக்குள் அடக்கம். இதைக் காப்பது யார்? அதிகாரியின் ஜீப் மாதம் ஒருமுறை வரலாம். பிள்ளையின் தகப்பன் அன்றாடம் வீட்டில் இருக்கிறான்!

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில், நான்கில் மூன்று பங்கு இடத்தைக் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்கே தந்திருக்கிறது. அந்த நாற்காலியைக் காலியாக விடலாமா? ஷிப்டு முடிந்து போய் உட்காருங்கள். ஆசிரியர் இருக்கிறாரா, குடிநீர் வருகிறதா, எந்தப் பிள்ளை நாலு நாளாய் வரவில்லை என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நம் பாட்டிமார் ஒரு பிடி அரிசி கொடுத்தார்கள். நாம் ஒரு பிடி நேரம் கொடுக்க மாட்டோமா?