ஒரே கர்னல், எத்தனையோ லினக்ஸ்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. கலவை, ஆற்காடு, ஆம்பூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ படித்த எத்தனையோ பிள்ளைகளின் வீட்டுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது அப்படித்தான். அப்பா தோல் ஷாப்பில், அம்மா ஷூ கம்பெனியில் என்றிருந்த வீடுகள் அவற்றில் நிறைய. ஆரம்ப காலத்து மடிக்கணினியைத் திறந்ததும் திரையில் இரண்டு வழிகள் தெரியும்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். பலரும் இரண்டாவதன் பக்கம் போகவே இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்தது விண்டோஸைத்தான். சிலர் இடம் மிச்சமாகட்டும் என்று பாஸை அழித்தும் விட்டார்கள்.

அந்த மடிக்கணினிகளில் பல இன்று பரணில் கிடக்கின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும் என்று சொன்னதுமே எதிரே இருப்பவர் கேட்பது, “சரிண்ணா, எந்த லினக்ஸ்?” நியாயமான கேள்வி. டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச், பாஸ் என்று சில நூறு வகைகள் இருக்கும்போது புதிதாக வருபவருக்குத் தலைசுற்றும்.

இத்தனைக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான். 1991இல் பின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கர்னல்தான் அது. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, விசைப்பலகையில் தட்டியதை வாங்கிக்கொள்வது எல்லாம் அதன் வேலை. 1992இல் அதை அவர் குனு பொது உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மாற்றிய மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். ஒரே கர்னலிலிருந்து பல வகைகள் வருவதை எங்கள் வட்டாரத்தில் புரியவைப்பது சுலபம். ஒரே பச்சைத் தோலை ஆவாரம் பட்டையில் ஊறவைத்தால் ஒரு ரகம், குரோமில் பதனிட்டால் வேறொரு ரகம். ஷூவின் மேல்பாகத்துக்கு ஒன்று, கையுறைக்கு ஒன்று. லினக்ஸ் வகைகளும் அப்படிப் பிரிந்தவைதான்.

எது எதிலிருந்து பிரிந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் டெபியனை அறிவித்தார். அதை எடுத்து 2004இல் உபுண்டு வந்தது. உபுண்டுவிலிருந்து 2006இல் மின்ட். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸும் டெபியனின் பிள்ளைதான். ரெட்ஹாட்டும் ஃபெடோராவும் வேறொரு குடும்பம். 2006-க்குப் பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்ட சூசே இன்னொன்று.

இவற்றுக்கிடையே உண்மையான வித்தியாசம் அவசரத்தில்தான் இருக்கிறது. ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் அதை உங்களிடம் எப்போது கொடுப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை உண்டு. ஆர்ச், புதுப் பதிப்பு வந்த சில நாட்களில் கொடுத்துவிடும். ஃபெடோராவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு. உபுண்டுவும் அப்படியே, ஏப்ரலிலும் அக்டோபரிலும். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பதிப்புக்கு மட்டும் ஐந்து வருட ஆதரவு. டெபியனுக்கு அவசரமே கிடையாது. புதுச் சரக்கு முதலில் ‘சிட்’ என்ற கிளைக்குள் வரும். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் அது. அந்தக் கிளையிலும் எது எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. அங்கே சில நாள் பெரிய பிழை இல்லாமல் தாக்குப்பிடித்தால் சோதனைக் கிளைக்குப் போகும். அது உறைந்து, பிழைகள் களையப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிலையான பதிப்பாகும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் 64,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இந்த வழியாக வந்தவை.

இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முனையத்தில் ‘யூநேம் -ஆர்’ (uname -r) என்று தட்டிப் பாருங்கள். டெபியன் 12 போட்டதில் 6.1 என்று தொடங்கும் கர்னல் எண் வரும். மின்ட் 22இல் 6.8. பார்த்ததும் டெபியன் பழசு, ஆபத்து என்று தோன்றும். 6.1 வெளிவந்தது 2022 டிசம்பரில் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுவந்து அந்தப் பழைய எண்ணுக்குள்ளேயே அடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். முகப்பு மாறாமல் உள்ளே மட்டும் செப்பனிடும் இந்தப் பொறுமையான வேலையை யாரும் கொண்டாடுவதில்லை. வங்கியும் மருத்துவமனையும் நம்பியிருப்பது இதைத்தான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு நெருக்கமான ஒன்று. ‘கே’ என்று தட்டும்போது கணினி சேமிப்பது முதலில் க, பிறகு ஏகாரக் குறி. திரையிலோ இரட்டைக்கொம்பு க-வுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். ‘கோ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் உட்கார வேண்டும். இந்த இடமாற்றத்தை நொடிக்குள் செய்து முடிப்பது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள். பாஸிலும் அதுதான், ஃபெடோராவிலும் அதுதான், உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் அதுதான். அதில் தமிழுக்காக ஒரு பிழையைத் திருத்தினால் சில மாதங்களில், டெபியனில் சற்றுத் தாமதமாக, எல்லா வகைகளுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவர்களும் 2012இல் தொடங்கிய கணியம் இதழும் இந்த உலகத்தைத் தமிழில் திறந்துவைத்திருக்கிறார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

இனி அந்தப் பரண் மடிக்கணினி. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றுக்கு நினைவகம் 2 ஜிபி. உபுண்டு 24.04 அதன் வழக்கமான மேசைச்சூழலோடு 4 ஜிபி கேட்கும், அது வேண்டாம். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 2 ஜிபியில் ஏறும், திணறும். என் தேர்வு டெபியன், எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான மேசைச்சூழலோடு. மேசைச்சூழல் என்பது சாளரமும் மெனுவும் மட்டும்தான். எந்த வகையிலும் அதை மாற்றிக்கொள்ளலாம் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. 32 பிட் செயலி மட்டுமே உள்ள இன்னும் பழைய கணினி என்றால் டெபியன் 12-ஓடு நின்றுகொள்ளுங்கள், 13இல் அதற்கு நிறுவி கிடையாது.

எதையும் அழிப்பதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் ‘கோ’ சரியாக விழுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு நிறுவலாம். பிடிக்கவில்லையா, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு அடுத்த வகையை ஏற்றிப் பாருங்கள்.