வாய்க்காலை அடைக்கும் பிளாஸ்டிக் தாள்: சேர்ப்பிடம் அமைக்கும் முறை

லால்குடி தாலுகாவின் நன்செய், பெருவளை வாய்க்கால், அய்யன் வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால் ஆகியவை கொணரும் காவிரி நீரால் நெல்லும் வாழையும் கரும்பும் விளைவிக்கும் பூமியாகும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படுவதற்கு முன்னர்க் கிளை வாய்க்கால்களைத் தூர் வாருவது நெடுங்காலக் குடிமராமத்து வழக்கம். முற்காலத்தில் மண்வெட்டியில் வந்தவை வண்டலும் கோரையுமே. இக்காலத்திலோ பால் உறை, பலசரக்குப் பை, தின்பண்ட உறை, உரச்சாக்கின் உட்பை முதலியவையும் அவற்றோடு கூடைகூடையாக வெளிவருகின்றன. மதகின் கண்ணில் இத்தாள் ஒரு பிடி சிக்கினாலும் கடைமடைக்காரரின் முறைநீர் குறைந்துபோகும். ஊருக்குள் எறியப்பட்ட உறை ஊரின் வயலுக்கே வந்து சேர்கின்றது என்பதைத் தூர் வாரும் ஒவ்வொருவரும் கண்ணாரக் காண்கின்றனர்.

தாளினால் விளையும் கேடுகள்

மெல்லிய பிளாஸ்டிக் தாள் சாணம்போல் மக்கி எருவாவதில்லை. வெயிலில் நைந்து சிறு துண்டுகளாக உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும். தாள் கிடக்கும் இடத்தில் நீர் கீழிறங்குவதும் வேர் ஓடுவதும் தடைப்படும். உழவின்போது சுழற்கலப்பையின் தண்டில் சுற்றிக்கொண்டு வேலையை நிறுத்தும். குப்பைக்குழியில் கலந்துவிட்டாலோ நல்ல தொழுவுரத்துடன் வயல் முழுவதும் பரவும்.

கால்நடைகளுக்கு வரும் ஆபத்து இதனினும் பெரிது. காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் பையிலிட்டு முடிச்சுப்போட்டுத் தெருவில் எறிந்தால், பசு அம்முடிச்சை அவிழ்த்து உண்ணமாட்டாது. பையோடு விழுங்கிவிடும். அப்பை முதல் இரைப்பையில் தங்கி, நாளடைவில் கயிறுபோல் முறுக்கிப் பந்தாகத் திரளும். மாடு தீனி குறைந்து, அசை போடாமல், வயிறு உப்பி மெலியும். அறுவை செய்து எடுத்தாலன்றி அதற்குப் பரிகாரம் அரிது.

சிலர் இத்தாளைக் குவித்துக் கொளுத்திவிடுவதே எளிய வழி என்று எண்ணுகின்றனர். இது தவறு. தாழ்ந்த வெப்பத்தில் புகைந்தெரியும் பிளாஸ்டிக் நச்சு வாயுக்களை வெளியிடும். பி.வி.சி. கலந்திருந்தால் டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகக்கூடும். திறந்த வெளியில் எரிப்பது சட்டத்திற்கும் மாறானது.

தடையுத்தரவின் எல்லை

தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. துணிப்பையை மீண்டும் வழக்கத்திற்குக் கொணர 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கப்பட்டது. கடைக்குச் செல்கையில் மஞ்சள் பையும், விருந்துக்கு இத்தாலுகாவில் குறைவின்றிக் கிடைக்கும் வாழையிலையும் உபயோகித்தால் தாளின் வரவே பெரிதும் குறையும். வீட்டிற்குள் வாராத தாளை அப்புறப்படுத்தும் வேலை எவருக்கும் இல்லை.

ஆயினும் பால், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகள் அத்தடையினின்று விலக்குப் பெற்றவை. நாற்றுப்பை, நிலப்போர்வைத் தாள், வாழைத்தாரை மூடும் உறை ஆகியன வேளாண்மையிலும் புழங்குகின்றன. ஆகவே தடையுத்தரவு ஒன்றினாலேயே தாள் ஒழிந்துவிடாது. வந்த தாளைச் சேர்த்து, உரிய இடத்திற்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். 2016ஆம் வருஷத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் கிராமப்புறங்களில் இப்பொறுப்பை ஊராட்சியினிடத்தும், தரம் பிரித்துக் கொடுக்கும் கடமையைக் குடித்தனக்காரரிடத்தும் வைத்துள்ளன.

தாள் செல்லத்தக்க மூன்று இடங்கள்

முதலாவது, பழம்பொருள் வியாபாரி. சுத்தமான பால் உறை, எண்ணெய் உறை முதலியவற்றை வியாபாரிகள் நிறுத்து வாங்குவதுண்டு. அவை ஆலைகளில் கழுவப்பட்டு, உருக்கப்பட்டு, மணிகளாக்கப்பட்டுப் புதுப்பொருள்களாகின்றன.

இரண்டாவது, தார்ச்சாலை. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறை இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தாள் சில மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளாக நறுக்கப்படும். சுமார் 170 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கிய சல்லியின்மேல் அதனைத் தூவினால், உருகிக் கல்லின்மேல் மெழுகுபோல் படியும். அதன்பின் தார் சேர்க்கப்படும். பிளாஸ்டிக் பூசிய கல்லினுள் நீர் புகுவது குறைவாதலால் மழையில் சாலை எளிதில் பெயர்வதில்லை. தாரும் ஓரளவு மீதமாகும். ஒருவழிச் சாலை 1 கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் தாள் செலவாகும். தமிழ்நாட்டின் ஊரகச் சாலைகளில் இம்முறை கையாளப்பட்டுள்ளது. இதற்குப் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் தாள்கள் ஏற்றவை, பி.வி.சி. கூடாது.

மூன்றாவது, சிமெண்டுச் சூளை. உட்புறம் வெள்ளிபோல் மின்னும் தின்பண்ட உறைகள் பல அடுக்குகள் ஒட்டப்பட்டவை. அவற்றைப் பிரித்து உருக்குவது கடினம். சூளையில் சுண்ணாம்புக்கல் சுமார் 1450 பாகை வரை சூடேறும். சுடரின் வெப்பம் அதனினும் மிகுதி. அங்கே நிலக்கரியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இத்தகைய கழிவை எரிப்பது இந்தியாவின் பல ஆலைகளில் வழக்கமாகியுள்ளது. லால்குடி தாலுகாவிலேயே கல்லக்குடியை அடுத்த டால்மியாபுரத்தில் 1939 முதல் சிமெண்டுத் தொழில் நடைபெறுகின்றது. அரியலூர்ப் பக்கத்திலும் ஆலைகள் பல உண்டு. இத்துணை அண்மையில் சூளைகள் அமைந்திருப்பது இவ்வட்டாரத்திற்கு ஒரு சௌகரியமாகும்.

சேர்ப்பிடம் ஏன் வேண்டும்?

இத்தாள் பார்வைக்குப் பெரிது, நிறையில் சிறிது. ஒரு வீட்டில் ஒரு மாதம் சேர்ந்ததை வாங்க எந்த வியாபாரியும் வண்டி கட்டி வாரார். ஆனால் சிறு நிறையும் கூடினால் பெரிதாகும். அரை லிட்டர் பால் உறை ஒன்று ஏறக்குறைய 3 கிராம். வீடொன்றில் நாள்தோறும் இரண்டு உறைக்குச் சமமான தாள் சேர்ந்தால் வருஷத்திற்கு 2 கிலோவுக்குச் சற்று மேற்படும். 500 வீடுகளுள்ள கிராமத்தில் அது 1 டன்னைத் தாண்டும். அதாவது 1 கிலோமீட்டர் சாலைக்கு வேண்டிய அளவு. வாய்க்காலை அடைக்கும் பொருளே வண்டிப்பாதைக்கு உதவும் பொருளாகின்றது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பால் உறையின் மூலையைத் தனியே கத்தரித்து எறிதல் ஆகாது. உறையோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுதல் வேண்டும். அச்சிறு துண்டுகளே பொறுக்க இயலாமல் சாக்கடைக்குச் செல்பவை. காலியான உறையில் சிறிது நீர் விட்டு அலசி, அந்நீரை மாட்டின் கழுநீர்த் தொட்டியில் ஊற்றலாம். பிறகு உறையைக் கொடியில் உலர்த்தி, சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய யூரியாச் சாக்கில் இடவேண்டும். ஈரமும் எச்சிலும் பட்ட தாள் இரண்டே நாளில் நாறி, மற்றத் தாளையும் விலையற்றதாக்கும்.

பூச்சிமருந்தின் உறையையும் புட்டியையும் இச்சாக்கில் ஒருபோதும் இடலாகாது. அவற்றைத் தனியே பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அதன்படி நடத்தல் வேண்டும். மண் அப்பிய நிலப்போர்வைத் தாளை உதறி, உலர்த்தி, வேறு கட்டாகக் கொடுப்பது நலம்.

ஊராட்சி செய்ய வேண்டியவை

ஊராட்சி அலுவலகத்தின் அருகில் மழை படாத ஒரு கொட்டகை, ஒரு தராசு, ஒரு பதிவேடு, முன் கூறிய மூவகைக்கும் மூன்று பெருஞ்சாக்குகள்: இவையே தொடக்கத்திற்குப் போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துத் தண்டோரா மூலம் அறிவித்து, தூய்மைக் காவலர் முன்னிலையில் நிறுத்துப் பதிய வேண்டும். கொட்டகையில் தீப்பற்றாதபடி மணலும் நீரும் ஆயத்தமாயிருத்தல் அவசியம்.

எல்லாவற்றிற்கும் முந்திய வேலை ஒன்றுண்டு. சேர்ந்த தாளை எவர், எந்த மாதத்தில், எங்கே கொண்டுசெல்வார் என்பதை முடிவு செய்த பின்னரே சேர்க்கத் தொடங்க வேண்டும். இதற்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது தக்க பாடம். அந்நாட்டில் ரெட்சைக்கிள் என்னும் ஏற்பாட்டின்படி, 2011 முதல் மக்கள் மெல்லிய பிளாஸ்டிக்கைப் பெருங்கடைகளில் வைத்த தொட்டிகளில் நம்பிக்கையுடன் இட்டுவந்தனர். வாங்கிப் புதுப்பொருளாக்கும் ஆலைகள் போதாமையால் ஆயிரக்கணக்கான டன் தாள் கிடங்குகளில் தேங்கியது. செய்தி வெளியாகி, 2022 நவம்பரில் அவ்வேற்பாடு நிறுத்தப்பட்டது. மக்கள் தம் கடமையைச் செய்தனர். முடிவிடமே வலுவாக அமையவில்லை. நமது கிராமத்திலும் கொட்டகையில் தாள் குவிந்து மழையில் நனைந்து கிடப்பதைக் குடித்தனக்காரர் ஒருமுறை கண்டுவிட்டால், மறுமுறை உறையை அலசி உலர்த்த மனம் கொள்ளார்.

ஆதலால் ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சாலைப் பணிக்குரிய தேவையையும், ஆலைகளில் ஏற்கும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே விசாரித்து எழுத்தில் பெற்றுக்கொள்வது சிலாக்கியம். ஒரு கிராமத்தின் தாள் ஒரு வண்டிக்குப் போதாவிடில், அடுத்தடுத்த நான்கைந்து கிராமங்கள் கூடி ஒரே நாளில் அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் அனுப்பிய நிறையையும் சென்ற இடத்தையும் ஊராட்சிப் பலகையில் எழுதி வைத்தால் மக்களின் நம்பிக்கை நிலைக்கும். கிராமசபைக் கூட்டத்திலும் அக்கணக்கைப் படிக்கலாம்.

நிலக்கிழார்கள் தம் வீட்டிலும் களத்திலும் இதனை முதலில் கைக்கொண்டால் மற்றையோர் பின்பற்றுவர். ஒரே வாய்க்காலின் தலைமடையும் கடைமடையும் ஒரே முறைநீரால் பிழைப்பவை. தலைமடை ஊரார் உறையை ஆணியில் மாட்டிய சாக்கில் இட்டால், அடுத்த பருவத்தில் கடைமடையின் மதகு தடையின்றி ஓடும்.