வியாபாரக் குறிகளும் எழுத்து வேற்றுமையும்

குடியானவர் தாம் விளைவித்த பொருளை மூட்டையாகக் கட்டித் தரகரிடம் ஒப்புவித்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் சிறிது சிறிதாக மாறி வருகிறது. விவசாயிகள் கூடி அமைத்துக்கொண்ட சங்கங்களும் உற்பத்தியாளர் கம்பெனிகளும் அரிசி, வெல்லம், தேன், மஞ்சள் தூள், விதை முதலியவற்றைத் தாமே பொட்டலமிட்டு, ஒரு பெயரும் படமும் அச்சிட்டு வெளியூர்களுக்கு அனுப்புகின்றன. அப்பெயரும் படமுமே வியாபாரக் குறி எனப்படுவன. சரக்கு நன்றாயிருந்தால் வாங்கினவர் மறுமுறையும் அதே பெயரைச் சொல்லிக் கேட்பர். ஆகையால் பெயரானது சில ஆண்டுகளுக்குள் நிலபுலம் போன்ற ஒரு சொத்தாகிவிடுகிறது. அதனோடு ஒத்த பெயரை வேறொருவர் தம் சரக்கின்மேல் இடும்போது வழக்கு உண்டாகிறது. இரண்டு பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்பது கண்ட மாத்திரத்தில் தெரியக்கூடிய விஷயமே என்று பலர் எண்ணக்கூடும். ஆனால் ஒரு பாஷை பேசுவோருக்கு முற்றிலும் வேறாகத் தோன்றும் இரு பெயர்கள், அடுத்த பாஷைக்காரரின் காதில் ஒன்றாகவே விழுவதுண்டு.

இதற்குச் சென்னையில் எழுந்த ஒரு மூக்குப்பொடி வழக்கே தக்க சான்றாகும். 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரோடும், தாமரையில் வீற்றிருக்கும் தேவியின் படத்தோடும் ஒரு கம்பெனி மூக்குப்பொடி விற்று வந்தது. சென்னையிலேயே மற்றொரு வியாபாரி 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரையும் ஆண்டாள் படத்தையும் கொண்ட சீட்டு ஒன்றைப் பதிவு செய்ய மனுச் செய்தார். தமிழர் எவருக்கும் இவ்விரு பெயர்களிடையே மயக்கம் உண்டாக நியாயமில்லை. அம்பாள் சிவபெருமானின் தேவி. ஆண்டாளோ ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த வைஷ்ணவ பக்தை. ஒரு கோயிலுக்குச் செல்பவர் மற்றொரு கோயிலுக்குத் தவறிச் செல்வதில்லை. தமிழ் எழுத்திலும் வேற்றுமை நன்கு தெரிகிறது: ஒன்று குற்றெழுத்தில் தொடங்குவது, மற்றது நெட்டெழுத்தில் தொடங்குவது, இடையில் நிற்கும் மெய்களும் வேறு.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. 1969-ஆம் ஆண்டில் அக்கோர்ட்டார், தென்னாட்டு இந்துக்கள் இரு தேவியரின் வேற்றுமையை அறிவர் என்பதை ஒப்புக்கொண்டனர். எனினும் பொடி வாங்குவோர் அவர்கள் மட்டும் அல்லர். கிறிஸ்தவர், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோரும் வாங்கினர். தென்னாட்டுக்கு வெளியிலும் சரக்கு சென்றது. அவர்களுக்கு அம்பாள் யார், ஆண்டாள் யார் என்ற ஆராய்ச்சி இல்லை. காதில் விழும் ஒலி ஒன்றே துணை. அவ்வொலியோ மிகவும் நெருங்கியது. கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் பெயர் வேறாயிருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆண்டாள் சீட்டுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. இங்கிலீஷ் எழுத்தில் இப்பெயர்களை எழுதிப் பார்ப்பவருக்கு இத்தீர்ப்பின் நியாயம் இன்னும் தெளிவாகும். இரண்டும் ஐந்தைந்து எழுத்துக்கள். முதலெழுத்தும் கடைசி இரண்டும் ஒன்றே. தமிழில் குறிலும் நெடிலுமாய்ப் பிரிந்து நின்றவை, அங்கே ஒரே உயிரெழுத்தால் எழுதப்படுகின்றன.

எழுத்து முறைகளின் இயல்பே இத்தகைய மயக்கத்திற்கு இடந்தருகிறது. தமிழில் ஒரு பகரமே இரண்டு மூன்று ஒலிகளுக்கு நிற்கிறது. தீவினையைக் குறிக்கும் 'பாவம்' என்ற சொல்லும், நடனத்தில் முகத்தில் தோன்றும் 'பாவம்' என்ற சொல்லும் நம் எழுத்தில் ஒன்றே. நாகரி எழுத்தில் அவை தொடக்கத்திலேயே வேறுபடும். ஆகையால் வடநாட்டில் தனித்தனியே விளங்கும் இரண்டு பெயர்கள், தமிழ்நாட்டுக் கடையின் பலகையில் எழுதப்படும்போது ஒன்றாகிவிடலாம். எதிர்ப்பக்கத்திலும் இவ்வாறே. 'பல்லி' என்பதையும் 'பள்ளி' என்பதையும் இங்கிலீஷில் எழுதினால் பிரித்தறிய வழியில்லை. லகர ளகர ழகர வேற்றுமை நமக்கு உயிர்நாடி போன்றது. பிறருக்கு அது காதிலேயே ஏறுவதில்லை. மூட்டையின்மேல் ஒரு மொழியில் அச்சிட்டுவிட்டு, அம்மொழியில் வேறாயிருப்பதே போதும் என்று அமைதி கொள்வது சரியன்று.

பொருள் வேறானால் பெயரும் வேறு என்ற வாதமும் எப்போதும் செல்லுபடியாவதில்லை. 'அம்ருததாரா' என்றொரு மருந்தும் 'லக்ஷ்மண்தாரா' என்றொரு மருந்தும் வடநாட்டில் விற்பனையாகி வந்தன. முன்னதற்கு அமுதத்தின் தாரை என்றும், பின்னதற்கு லக்ஷ்மணனின் தாரை என்றும் பொருள். ஆகவே மயக்கமில்லை என்று அலகாபாத் ஹைகோர்ட்டு கருதியது. 1962-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. கடைக்கு வரும் சாமானிய மனிதர், படித்தவராயினும் படியாதவராயினும், பெயரைப் பதம் பிரித்து வியாகரணம் பார்ப்பதில்லை. முன்பு வாங்கியதன் மங்கலான ஞாபகத்தைக் கொண்டே கேட்கிறார் என்பது அக்கோர்ட்டின் முடிவு. ஆயினும் முதற்குறிக்காரர் நெடுங்காலம் அறிந்தும் வாளாவிருந்தமையால், லக்ஷ்மண்தாராவை உத்தரப் பிரதேசத்தில் மட்டும் விற்கும்படி வரம்பிட்டுப் பதிவு அனுமதிக்கப்பட்டது. ஒரே பெயர் ஒரு மாகாணத்தில் செல்லும், எல்லை தாண்டினால் செல்லாது என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. காலதாமதம் செய்பவர் இதைக் கவனித்தல் நலம்.

எழுத்தே படியாதவர்கள் வாங்கும் சரக்கில் படமே பெயராகிவிடுகிறது. ஸ்காட்லாந்து தேசத்துச் சாயக்காரர் ஒருவர் சிவப்புச் சாயமேற்றிய நூலைப் பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பி வந்தார். சீட்டில் இரண்டு யானைகளின் படம் இருந்தது. கம்பெனியின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. வாங்கினவர்களுக்கு அவ்வெழுத்து தெரியாது. அவர்கள் படத்தைப் பார்த்துத் தங்கள் பாஷையில் 'பே ஹாத்தி', அதாவது 'இரட்டை யானை' நூல் என்று அழைத்தனர். மற்றொரு வியாபாரி தம் பெயரைத் தெளிவாக அச்சிட்டு, வேறு தோரணையில், ஆனால் இரண்டு யானைகளோடேயே சீட்டு வெளியிட்டார். பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் சீட்டுகள் வேறேதான். ஆயினும் 1882-இல் லண்டன் பிரபுக்கள் சபை, பம்பாய்ச் சந்தையில் நூல் எப்பெயரால் கேட்கப்படுகிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டு, இரண்டாமவரைத் தடுத்தது. கம்பெனியார் தாமே சூட்டாத பெயரொன்று, வாங்குவோர் வாயில் பிறந்து, அவர்களுக்குச் சொத்தாயிற்று. நம் நாட்டில் விதைப் பைகளும் பூச்சி மருந்துக் குப்பிகளும் படத்தைச் சொல்லியே கேட்கப்படும் கிராமங்கள் இன்றும் உண்டு என்பதை நினைக்கும்போது இவ்வழக்கு பழையதாகத் தோன்றவில்லை.

பெயர் மாறாட்டத்தால் வரும் நஷ்டம் எல்லாச் சரக்கிலும் ஒரே அளவினதன்று. பொடி மாறினால் தும்மல் சற்றுக் குறையும், அவ்வளவே. பூச்சி மருந்து கேட்டவருக்குக் கடைக்காரர் ஒலியொத்த பெயருள்ள களைக்கொல்லியை எடுத்துக் கொடுத்துவிட்டால், அந்தப் போகத்துப் பயிரே கருகிப்போகும். மலேரியாக் காய்ச்சலுக்குரிய இரண்டு மருந்துகளின் பெயர் பற்றிய வழக்கில், 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு இத்தகைய அபாயத்தைக் கருதியே, மருந்துப் பெயர்களில் மற்றச் சரக்குகளைவிட அதிகக் கண்டிப்பு வேண்டும் என்றது. பொதுமொழி ஒன்று இல்லாததும், இங்கிலீஷ் அறிந்தோர் சிலரே ஆனதுமான நாட்டில், இங்கிலாந்து தேசத்து அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தல் பொருந்தாது என்பதும் அத்தீர்ப்பில் அடங்கிய கருத்து.

கடல் கடந்தால் வேறொரு சிக்கல் எழுகிறது. பொன்னி என்பது நமக்குக் காவிரியின் பெயர். நெல் ரகம் ஒன்றின் பெயருமாகும். எவரும் தமக்கே உரியது என்று கொண்டாட முடியாத பொதுச் சொல். ஆனால் தமிழ் அறியாத மலாய்க்காரருக்கு அது பொருளற்ற வெறும் ஒலி. பொருளற்ற ஒலியே நல்ல வியாபாரக் குறி என்பது சட்டத்தின் பொதுப்போக்கு. மலேசியாவில் அரிசி வியாபாரக் கம்பெனி ஒன்று 'பொன்னி' என்பதைத் தன் குறியாகப் பதிவு செய்துகொள்ள, அதை எதிர்த்து இந்தியாவின் விளைபொருள் ஏற்றுமதி அபிவிருத்தி ஸ்தாபனம் 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்திய பத்தாண்டில் கோலாலம்பூரில் வழக்காட வேண்டியதாயிற்று. பொன்னி நெல்லின் மூலம் மலாயாவில் உருவான மஷூரி ரகமே என்பதை நினைத்தால், அங்கிருந்து இங்கு வந்த நெல்லுக்கு இங்கிட்ட பெயர் அங்கே வழக்குக்குள்ளானது சற்று வேடிக்கையே.

ஆகவே புதிதாகப் பெயர் வைக்கும் சங்கத்தார், அதைத் தமிழில் எழுதியும், இங்கிலீஷிலும் நாகரியிலும் எழுதியும், பிறகு அவற்றை அந்தந்தப் பாஷைக்காரரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்தும் பார்த்தல் வேண்டும். அடுத்த மாகாணத்திற்கு அனுப்புவதானால் அவ்விடத்துக் கடைக்காரர் ஒருவரிடம் ஒரு முறை சொல்லிக்காட்டி, மறுநாள் அவர் எப்படித் திருப்பிச் சொல்கிறார் என்று கேட்பது செலவில்லாத சோதனை. நெல் ரகத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ மட்டும் குறியாக வைப்பதில் பயனில்லை. அவற்றைப் பிறரும் உபயோகிக்க உரிமையுண்டு.

பதிவுக்கு மனுச் செய்யும்போது சரக்கின் வகுப்பைக் குறிக்க வேண்டும்: விதைகளும் பக்குவப்படுத்தாத விளைபொருள்களும் 31-ஆம் வகுப்பு, அரிசி, தேயிலை, காப்பி, தேன் ஆகியவை 30, பூச்சி மருந்து 5, உரம் 1. குறியில் தமிழ்ச் சொல் இருந்தால், 2017-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அதன் ஒலிப்பையும் பொருளையும் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ எழுதிச் சேர்க்க வேண்டும். இவ்விடத்தில் அவசரமாக எழுதிக்கொடுக்கும் ஒலிப்பே பின்னர் வழக்கில் எதிரியின் கையில் ஆயுதமாகக்கூடும். ஆகையால் எந்த எழுத்துக்கூட்டலில் பைகள் அச்சாகின்றனவோ அதையே கொடுத்தல் உத்தமம். பதிவு பத்தாண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பிறருடைய மனுக்கள் வியாபாரக் குறிப் பத்திரிகையில் விளம்பரமாகின்றன. விளம்பரமான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் ஆட்சேபம் எழுதிக்கொடுக்கலாம். அதன் பின்னர் வரும் ஆட்சேபத்தைப் பதிவாளர் ஏற்பதில்லை.